மைதானத்தில் மரமும் புல்லும்: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், பிட்ஸ்பர்க் நகரை அடுத்து, ஓக்மாண்ட் கன்ட்ரி கிளப் இருக்கிறது. எஃகுத் தொழிலில் பொருள் ஈட்டிய ஹென்றி ஃபௌன்ஸ் 1903இல் அதைத் தொடங்கியபோது தேர்ந்தெடுத்தது, ஏறக்குறைய மரமே இல்லாத மேட்டு நிலத்தை. ஸ்காட்லாந்தின் கடற்கரை கோல்ஃப் மைதானங்களில் போலக் காற்றும் வெயிலும் தடையில்லாமல் புழங்க வேண்டும் என்பது அவர் எண்ணம். அவருக்குப் பின் வந்தவர்கள் மைதானத்தை அழகுபடுத்த நினைத்து, இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிறகு ஆயிரக்கணக்கில் மரக்கன்றுகள் நட்டார்கள். முப்பது ஆண்டுகளில் அவை வளர்ந்து ஒவ்வொரு குழியையும் தனித்தனியாகச் சுவர் எழுப்பி அடைத்தன. 1990களில் கிளப் அவற்றை வெட்டத் தொடங்கியது. 2007இல் யு.எஸ். ஓபன் போட்டி அங்கே வருவதற்குள் ஏறக்குறைய 5,000 மரங்கள் போயிருந்தன. அதன் பிறகும் ஆயிரக்கணக்கில் போயின.

மரம் வெட்டுவது என்றாலே நமக்கு மனம் சுருங்கும். அந்த உணர்வு நல்லது. அதை விட்டுவிட வேண்டியதில்லை. ஆனால் எல்லா நிலமும் காடாக இருந்ததில்லை. நீலகிரியின் மேட்டுப் புல்வெளிகளில் சீகையும் தைல மரமும் நடப்பட்டபோது பசுமை கூடியதுபோலத்தான் தெரிந்தது. உண்மையில் வரையாட்டின் மேய்ச்சல் நிலம் சுருங்கியது. நிலத்துக்குப் பொருந்தாத மரம் கோல்ஃப் மைதானத்திலும் அப்படித்தான் கேடு செய்கிறது: புல்லின் வெயிலைப் பறிக்கிறது, காற்றை நிறுத்துகிறது, ஆட்டத்தில் இருந்த பல வழிகளை ஒரே வழியாக்குகிறது. அதே சமயம், யோசிக்காமல் வெட்டினாலும் அதே அளவு கேடுதான்.

மைதானக் குழுவில் இருப்பவர்கள், பராமரிப்பாளர்கள், வடிவமைப்பாளர்கள், இந்த முடிவுகளுக்கு வாக்களிக்கும் உறுப்பினர்கள் ஆகியோருக்காக எழுதியது இது. மரத்தையும் நாட்டுப்புல்லையும் வடிவமைப்பின் பகுதியாக நடத்துங்கள், அலங்காரமாக நடத்தாதீர்கள் என்பதே இதன் சாரம்.

செய்ய வேண்டியவை

1. நிலத்தின் பழைய முகத்தைத் தேடுங்கள்

கோடரியைத் தொடுவதற்கு முன் ஆவணங்களைத் தொடுங்கள். முதல் வரைபடம், பழைய புகைப்படங்கள், வானிலிருந்து எடுத்த படங்கள் எல்லாவற்றையும் ஒன்றுசேருங்கள். வட கரோலினாவில் உள்ள பைன்ஹர்ஸ்ட் எண் 2 மைதானம் இதற்கு நல்ல முன்மாதிரி. டொனால்டு ராஸ் வடிவமைத்து 1907இல் திறந்த அந்த மைதானத்தை, அவர் 1948இல் இறக்கும்வரை செதுக்கிக்கொண்டே இருந்தார். பிற்காலத்தில் அவர் விட்டுச்சென்ற மணல் திட்டுகள்மீது அடர்ந்த பெர்முடா புல் விரிக்கப்பட்டு, மைதானம் முழுவதும் ஒரே பச்சையாகிவிட்டது. 2010இல் மைதான வடிவமைப்பாளர்கள் பில் கூர், பென் கிரென்ஷா இருவரும் மீட்டெடுப்பு வேலையை ஏற்றபோது, 1943இல் வானிலிருந்து எடுத்த படங்கள் அவர்களுக்குக் கைகொடுத்தன. எந்த ஃபேர்வே எவ்வளவு அகலம், மணல் எங்கே தொடங்கியது, புல் எங்கே நின்றது என்பதெல்லாம் அவற்றில் பதிவாகியிருந்தன. அவர்கள் புதிதாக எதையும் திணிக்கவில்லை. இருந்ததைத் திரும்பக் கொண்டுவந்தார்கள்.

உங்கள் மைதானத்துக்குப் பழைய படம் இல்லையென்றால், வேலிக்கு வெளியே தீண்டப்படாமல் கிடக்கும் நிலத்தைப் பாருங்கள். அங்கே தானாக வளர்வது எதுவோ, அதுதான் அந்த மண்ணின் விருப்பம்.

2. கிரீன்மீது விழும் வெயிலை அளந்து பாருங்கள்

மரத்தை எடுப்பதா வேண்டாமா என்ற சண்டை பெரும்பாலும் ரசனைச் சண்டையாகவே நடக்கும். வெயில் கணக்கைக் கொண்டுவந்தால் பாதிச் சண்டை அடங்கும். கிரீனில் இருக்கும் புல் சில மில்லிமீட்டர் உயரத்துக்கு ஒட்ட வெட்டப்படுகிறது. இலைப்பரப்பு அவ்வளவு குறைவாக இருக்கும்போது, கிடைக்கிற ஒவ்வொரு மணி நேர வெயிலும் அதற்கு உயிர். பெர்முடா போன்ற வெப்பமண்டலப் புல்லுக்கு நாளுக்கு எட்டு மணி நேரம் போல நேரடி வெயில் தேவைப்படும். பென்ட்கிராஸ் அதைவிடக் குறைவில் தாக்குப்பிடிக்கும். ஆனாலும் நிழலில் அது மெலிந்துபோகும்.

காலை வெயிலுக்கு முதலிடம் கொடுங்கள். காலை வெயில் பனியைச் சீக்கிரம் உலர்த்தும். இலை ஈரமாக இருக்கும் நேரம் குறையக் குறையப் பூஞ்சை நோயும் குறையும். வட அரைக்கோளத்தில் கிரீனுக்குக் கிழக்கிலும் தென்கிழக்கிலும் நிற்கும் மரங்களே இதில் பெரிய தடை. குளிர்காலத்தில் சூரியன் தாழ்வாக நகரும்போது தெற்கிலிருந்து விழும் நீண்ட நிழல் பனிக்கட்டியை உருகவிடாது. புல் அடியிலேயே செத்துப்போகும். கோடையில் மட்டும் பார்த்துவிட்டு முடிவெடுக்காதீர்கள். ஆண்டின் நான்கு பருவத்திலும் நிழல் எங்கே விழுகிறது என்று குறித்துவைத்து, அந்த வரைபடத்தைக் குழுவின் மேசைமீது வையுங்கள்.

3. அகலத்தைத் திரும்பக் கொடுங்கள்

மரம் எடுப்பதால் கிடைக்கும் மிகப் பெரிய பலன் இதுதான். ஃபேர்வே அகலமாக இருந்தால் ஆட்டம் எளிதாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். நல்ல மைதானத்தில் அப்படி ஆவதில்லை. கொடி கிரீனின் வலது ஓரத்தில், பங்கருக்குப் பின்னால் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஃபேர்வேயின் இடது விளிம்பிலிருந்து அடித்தால் பாதை திறந்திருக்கும். வலப்பக்கத்திலிருந்து அடித்தால் பங்கரைத் தாண்ட வேண்டும். ஆனால் அந்த இடது விளிம்பில்தான் வடிவமைப்பாளர் ஒரு பள்ளத்தையோ மணலையோ வைத்திருப்பார். அபாயத்தை ஏற்பவருக்கு அடுத்த அடி எளிது. ஒதுங்குபவருக்கு அடுத்த அடி கடினம். இந்தப் பேரம்தான் கோல்ஃபின் உயிர்.

இரண்டு பக்கமும் மரச்சுவர் எழும்பினால் பேரத்துக்கு இடமில்லை. நடுவில் நேராக அடி என்ற ஒரே கட்டளைதான் மிச்சம். தவறினால் மரத்தடியிலிருந்து பக்கவாட்டில் தட்டி வெளியே வருவதைத் தவிர வேறு வழி கிடையாது. கூரும் கிரென்ஷாவும் பைன்ஹர்ஸ்ட்டில் ஃபேர்வேக்களை வெகுவாக அகலப்படுத்தியது இதனால்தான். மரம் எடுத்த பிறகு அந்த இடத்தில் வெறும் ரஃப் வளர்த்து விட்டுவிட்டால் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. ஃபேர்வேயின் எல்லைக் கோட்டையும் சேர்த்து நகர்த்துங்கள். பங்கர்கள் மறுபடி ஃபேர்வேயைத் தொடும்படி செய்யுங்கள்.

4. வெட்ட வேண்டிய மரத்தைக் குறிப்பதற்கு முன், காக்க வேண்டிய மரத்தைக் குறியுங்கள்

முதல் சுற்று நடக்கும்போது கையில் இருக்க வேண்டியது காப்புப் பட்டியல். மண்ணுக்கு உரிய மரம், வயது முதிர்ந்த மரம், பறவைக்கும் விலங்குக்கும் உறைவிடமான மரம், தூரத்திலிருந்து பார்க்கும்போது கண்ணுக்கு இலக்காக நிற்கும் மரம் ஆகியவற்றுக்கு முதலில் அடையாளம் இடுங்கள். பைன்ஹர்ஸ்ட்டின் லாங்லீஃப் பைன் மரங்கள் அந்த மணற்பாங்கான நிலத்துக்கே உரியவை. ஒருகாலத்தில் அமெரிக்கத் தென்கிழக்கில் சுமார் 9 கோடி ஏக்கரில் பரவியிருந்த லாங்லீஃப் காட்டில் இன்று மிஞ்சியிருப்பது சிறு பகுதியே. உயிரோடு நிற்கும் முதிய பைன் மரத்தைக் குடைந்து கூடு அமைக்கும் ஒருவகை மரங்கொத்தி அந்தக் காட்டைப் பெரிதும் நம்பி வாழ்கிறது. பைன்ஹர்ஸ்ட்டில் அகற்ற வேண்டியிருந்தது புல்விரிப்பைத்தான். பைன் மரங்கள் நிலத்தின் சொந்தக்காரர்களாக நிற்கின்றன. காக்கும் மரத்தைச் சுற்றியுள்ள நெரிசலை எடுத்துவிட்டால், அதன் முழு உருவமும் வெளியே தெரியும். பல கிளப்புகளில் உறுப்பினர்கள் தங்கள் பழைய ஓக் மரத்தை முதன்முறையாக முழுசாகப் பார்ப்பது அப்போதுதான்.

5. மண்ணுக்கேற்ற புல்லைத் தேர்ந்தெடுங்கள்

நாட்டுப்புல் என்பது ஊருக்கு ஊர் மாறும். வட கரோலினாவின் மணலுக்கு வயர்கிராஸ். கான்சாஸ், நெப்ராஸ்கா சமவெளிகளுக்கு லிட்டில் புளூஸ்டெம், பிக் புளூஸ்டெம், இந்தியன்கிராஸ், சுவிட்ச்கிராஸ். கான்சாஸில் ஹட்சின்சன் ஊரில் பெர்ரி மேக்ஸ்வெல் வடிவமைத்து 1937இல் திறந்த பிரெய்ரி டியூன்ஸ் மைதானத்தைப் பார்த்தால், மணல் மேடுகளும் அவற்றில் அசையும் உயரமான புல்லும்தான் மைதானத்தின் முகம்.

பைன்ஹர்ஸ்ட்டில் சுமார் 35 ஏக்கர் புல்விரிப்பை உரித்தெடுத்துவிட்டு, வயர்கிராஸ் தூர்களை லட்சக்கணக்கில் கையால் நட்டார்கள். நீர்தெளிப்பான்கள் ஏறக்குறைய 1,150இலிருந்து 450ஆகக் குறைந்தன. ஃபேர்வேயின் நடுவில் ஒற்றை வரிசையாகத் தண்ணீர் பாய்கிறது. நடுவில் பச்சையாக இருக்கும் புல் ஓரம் போகப் போகப் பழுத்து, மணலில் கரைகிறது. எங்கே ஃபேர்வே முடிகிறது, எங்கே காட்டுத்தரை தொடங்குகிறது என்று கோடு போட்டுச் சொல்ல முடியாத அந்த இயல்புதான் அழகு. தண்ணீர், உரம், வெட்டும் வேலை மூன்றும் குறைந்தது அதோடு சேர்ந்து கிடைத்த லாபம்.

6. புல்லை மெலிவாக வளர்த்தெடுங்கள்

நல்ல நாட்டுப்புல் தூர் கட்டி வளரும். தூருக்கும் தூருக்கும் நடுவே வெறும் மண் தெரியும். அந்த இடைவெளிதான் ஆட்டத்தைச் சுவையாக்குகிறது. பந்து நல்ல மணலில் கிடக்கலாம், தூருக்குப் பின்னால் ஒட்டிக் கிடக்கலாம். ஆட்டக்காரர் போய்ப் பார்த்து, யோசித்து, துணிந்து அடிக்க வேண்டும். 2014 யு.எஸ். ஓபனின் மூன்றாம் சுற்றில், பைன்ஹர்ஸ்ட்டின் 5ஆம் குழியில் மார்ட்டின் கைமர் மணல் தரையிலிருந்து நீண்ட அடி ஒன்றை அடித்துக் கொடிக்கு அருகில் கொண்டுவந்து நிறுத்தி, ஈகிள் எடுத்தார். பந்து அடர்ந்த ரஃபில் விழுந்திருந்தாலோ மரத்தடியில் விழுந்திருந்தாலோ அந்த அடிக்கே வாய்ப்பில்லை. அடுத்த வாரம் அதே மைதானத்தில் பெண்களுக்கான யு.எஸ். ஓபனும் நடந்தது, மிஷெல் வீ வென்றார். இரு தரப்பினருக்கும் பொருந்தும் மைதானமாக அது நின்றது.

மெலிவு வேண்டுமென்றால் அந்தப் பகுதிக்கு உரமும் தண்ணீரும் போகக்கூடாது. மண் கொழுத்திருந்தால் மேல்மண்ணை எடுத்துவிட்டு விதையுங்கள். விதையைத் தாராளமாகத் தூவாதீர்கள். வெட்டிய புல்லை அங்கேயே போட்டால் அது உரமாகிவிடும், வாரி எடுத்துவிடுங்கள்.

7. மூன்று ஆண்டுக் கணக்கில் திட்டமிடுங்கள்

நாட்டுப்புல் முதல் ஆண்டு பெரும்பாலும் வேரைத்தான் வளர்க்கும். மேலே பார்த்தால் களைக்காடு போலத் தெரியும். இரண்டாம் ஆண்டு தூர் தெரியத் தொடங்கும். மூன்றாம் ஆண்டில்தான் கண்ணுக்கு நிறைவாக இருக்கும். இதை முன்கூட்டியே எழுத்தில் சொல்லிவைக்காத கிளப்புகள் முதல் கோடையிலேயே புகார் தாங்காமல் எல்லாவற்றையும் வெட்டித் தள்ளிவிடுகின்றன. நிலைத்த பிறகும் வேலை உண்டு: ஆண்டுக்கு ஒருமுறை உயரமாக வெட்டுதல், முட்செடியையும் மரக்கன்றையும் கையால் பிடுங்குதல், அனுமதியும் அனுபவமும் உள்ள இடங்களில் கட்டுப்படுத்திய தீ வைத்தல். வயர்கிராஸ் தீ பட்ட பிறகுதான் நன்றாகப் பூத்து விதை கொடுக்கும். மின்னல் தீயோடு வாழ்ந்து பழகிய புல் அது.

8. உறுப்பினர்களிடம் முன்பே பேசுங்கள்

ஓக்மாண்டில் முதலில் வெட்டியபோது, உறுப்பினர்கள் வருவதற்கு முன், விடியாத நேரத்தில் விளக்கு வெளிச்சத்தில் வெட்டி, மரத்தூளைக்கூடப் பெருக்கி, அடிக்கட்டையின்மேல் புல்பத்தையைப் போட்டு மூடினார்கள். விஷயம் தெரியவந்தபோது கிளப் இரண்டாகப் பிளந்தது. முடிவு சரியாக இருந்தும் காயம் ஆற நாளாயிற்று. நீங்கள் வெளிப்படையாகச் செய்யுங்கள். எல்லோரும் அறிந்த ஒரு நோய்பட்ட கிரீனைத் தேர்ந்தெடுத்து, அதைச் சுற்றி மட்டும் முதலில் எடுங்கள். ஓர் ஆண்டு கழித்துப் புல் தேறியிருப்பதை உறுப்பினர்கள் தங்கள் கண்ணால் பார்க்கட்டும். அடுத்த கட்டத்துக்கான ஒப்புதல் அதிலிருந்து வரும்.

செய்யக்கூடாதவை

1. காலியிடம் கண்ணில் பட்டதும் மரம் நடாதீர்கள்

ஃபேர்வேக்கு இருபுறமும் வரிசையாக நடுவதும், இறந்த உறுப்பினரின் நினைவாக ஒவ்வொன்றாக நட்டுக்கொண்டே போவதும், விலை மலிவாகக் கிடைத்த வேகமாக வளரும் வகைகளை நடுவதும்தான் பெரும்பாலான சிக்கலுக்கு வேர். இடுப்பளவுக் கன்றை நடும்போது அது முப்பது ஆண்டில் எவ்வளவு விரியும் என்று யாரும் பார்ப்பதில்லை. கன்று நட வேண்டுமென்றால் அது முழுதாக வளர்ந்த அளவை வரைபடத்தில் வட்டமாகப் போட்டுப் பாருங்கள். அந்த வட்டமோ அதன் நிழலோ கிரீனைத் தொட்டால் நட வேண்டாம்.

2. ஒரு குழியின் தலைவிதியை ஒற்றை மரத்திடம் ஒப்படைக்காதீர்கள்

அகஸ்டா நேஷனலின் 17ஆம் குழியில் ஐசன்ஹோவர் மரம் என்ற பெயரோடு ஒரு லாப்லாலி பைன் நின்றது. அதிபராக இருந்த ஐசன்ஹோவரின் பந்து அதில் அடிக்கடி பட்டதால் வந்த பெயர். 2014 பிப்ரவரியில் வந்த பனிப்புயலில் அது முறிந்து, அகற்ற வேண்டியதாயிற்று. புயல், பூச்சி, நோய், வயது என்று மரத்துக்கு ஆயிரம் முடிவு. வட அமெரிக்காவின் எல்ம் மரங்களைப் பூஞ்சை நோய் அழித்தது. ஆஷ் மரங்களை மரகதத் துளைப்பான் வண்டு அழித்துக்கொண்டிருக்கிறது. நிலத்தின் ஏற்ற இறக்கம், பங்கர், கிரீனின் சாய்வு ஆகியவற்றில் சவாலை வையுங்கள். மரம் அதற்குத் துணையாக மட்டும் நிற்கட்டும்.

3. ஓக்மாண்டைப் பார்த்து எல்லா மைதானத்தையும் மொட்டையடிக்காதீர்கள்

திறந்த மேட்டு நிலத்துக்குப் பொருந்தியது காட்டு நிலத்துக்குப் பொருந்தாது. தென் கரோலினாவின் ஹார்பர் டவுன் மைதானத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பீட் டை வடிவமைத்து 1969இல் திறந்த அந்தத் தாழ்வான கடலோரச் சமதரையில் ஓக்கும் பைனும்தான் ஆட்டத்தின் கோணங்களைத் தீர்மானிக்கின்றன. அவற்றை எடுத்துவிட்டால் மைதானத்தில் பேசுவதற்கே ஒன்றுமிருக்காது. உங்கள் தரையில் மேடுபள்ளம் இருக்கிறதா, காற்று இருக்கிறதா, மரம் நீங்கியபின் வெளிப்படப்போவது தொலைதூரக் காட்சியா, அல்லது நெடுஞ்சாலையும் வீட்டுக் கூரைகளுமா? இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொன்ன பிறகு எண்ணிக்கையை முடிவுசெய்யுங்கள்.

4. மரம் போனால் மைதானம் எளிதாகிவிடும் என்று அஞ்சாதீர்கள்

ஓக்மாண்டில் மரங்கள் அடர்ந்து நின்ற காலத்தில் நடந்த 1994 யு.எஸ். ஓபனில் எர்னி எல்ஸ் நான்கு சுற்றுகளில் 279 அடிகளுடன் பிளேஆஃபுக்குப் போய் வென்றார். மரங்கள் போன பின் 2007இல் ஏஞ்சல் கப்ரேரா 285 அடிகளில் வென்றார். மழையில் தரை ஊறிய 2016இல் டஸ்டின் ஜான்சனுக்கு 276 போதுமாக இருந்தது. 2025இல் ஜே. ஜே. ஸ்பான் ஒருவர் மட்டுமே பாருக்குக் கீழே முடித்தார். ரஃபின் உயரம், கிரீனின் வேகம், வானிலை, மைதானத்தின் நீளம் இவையே எண்ணிக்கையை ஆட்டிவைத்தன. மரம் எடுத்ததால் காற்று திரும்ப வந்தது. தூரத்தைக் கணிக்க உதவிய பச்சைப் பின்திரை போய்விட்டது. கண்ணால் அளப்பது முன்னைவிடக் கடினமாயிற்று.

5. உயரமாக வளர்வதையெல்லாம் நாட்டுப்புல் என்று அழைக்காதீர்கள்

அமெரிக்க மைதானங்களில் பொன்னிறமாக அசையும் ஃபெஸ்க்யூ பெரும்பாலும் ஐரோப்பாவிலிருந்து வந்த வகை. சரியான இடத்தில் அது நல்ல புல்தான். ஆனால் அதை விதைத்துவிட்டு மண்ணின் இயல்பை மீட்டதாகச் சொல்லக்கூடாது. ஆசியாவிலிருந்து வந்த மிஸ்கந்தஸ் போன்ற அலங்காரப் புற்களை மைதான ஓரத்தில் வைத்தால், அவை வேலியைத் தாண்டிப் பக்கத்து நிலத்தையும் பிடிக்கும். ரஃபை வெட்டாமல் விட்டால் அதுவே புல்வெளியாகிவிடும் என்றும் நம்பாதீர்கள். ஆண்டுக்கணக்கில் உரம் தின்ற மண்ணில் முதலில் எழும்புவது களைதான்.

6. சாதாரண ஆட்டக்காரரின் பந்து விழும் இடத்தில் அடர்புல் வளர்க்காதீர்கள்

2019இல் மாறிய விதிப்படி, காணாமல் போன பந்தைத் தேட மூன்று நிமிடம்தான், முன்பு ஐந்து. டீயிலிருந்து வலப்பக்கம் விலகும் அடி எங்கே விழுகிறது என்று ஒரு வாரம் கவனித்துப் பாருங்கள். அந்த இடத்தில் முழங்கால் உயரப் புல் இருந்தால் ஆட்டம் ஊர்ந்து நகரும், உறுப்பினர்கள் புல்லையே வெறுப்பார்கள். டீக்கு முன்னாலும், பங்கர்களின் வெளி ஓரத்திலும், குழிகளுக்கு இடையே பந்து எட்டாத பகுதியிலும் உயரமாக விடுங்கள். நடைபாதைகளை ஒட்ட வெட்டிவையுங்கள். அமெரிக்க வடகிழக்கில் உயர்ந்த புல்லில் உண்ணிகள் இருக்கும், அவை லைம் நோயைப் பரப்பும்.

7. பாதுகாப்பை மறந்து வெட்டாதீர்கள்

இரண்டு குழிகள் அருகருகே எதிரெதிர்த் திசையில் ஓடும் இடத்தில் மரம் தடுப்பாக இருந்திருக்கலாம். சாலை ஓரத்திலும் வீடுகளை ஒட்டிய எல்லையிலும் அப்படித்தான். அங்கே எடுப்பதாக இருந்தால் முதலில் டீயின் திசையை மாற்றுங்கள் அல்லது ஃபேர்வேயை நகர்த்துங்கள். அதன் பிறகு வெட்டுங்கள். அதே வேளையில், ஒற்றை வரிசை மரம் பந்தை நிறுத்திவிடும் என்ற நம்பிக்கையும் ஆபத்தானது. கிளைகளுக்கு நடுவே இருக்கும் வெளியில் பந்து எளிதாகப் புகுந்து வரும்.

8. நேரம் காலம் பார்க்காமல் வெட்டாதீர்கள், வெட்டியதோடு விட்டுவிடாதீர்கள்

கூடு கட்டும் பருவத்தில் கோடரி வேண்டாம். பென்சில்வேனியா உள்ளிட்ட மாநிலங்களில் அழிவின் விளிம்பில் உள்ள இந்தியானா வௌவால் கோடையில் தளர்ந்த மரப்பட்டைக்கு அடியில் தங்கும். அதனால் மரம் வெட்டும் காலத்துக்குக் கட்டுப்பாடு உண்டு. தரை உறைந்திருக்கும் குளிர்காலத்தில் வெட்டினால் வண்டிச் சக்கரம் புல்லைக் குதறாது. அடிக்கட்டையை அரைத்தெடுத்து, குழியை நிரப்பி, ஓராண்டில் மண் இறங்கிய பின் மறுபடி நிரப்புங்கள். மரம் குடித்த தண்ணீர் இனித் தரையிலேயே நிற்கும், வடிகாலைச் சரிபாருங்கள்.

9. வெட்டிய மரத்தின் எண்ணிக்கையைச் சாதனையாகச் சொல்லாதீர்கள்

எத்தனை மரம் போனது என்பதை வைத்து எந்த மைதானமும் சிறந்ததாகாது. கிரீனில் புல் தேறியதா, தண்ணீர்ச் செலவு குறைந்ததா, ஒரே குழியை ஆட நான்கு பேர் நான்கு வழி தேர்ந்தெடுக்கிறார்களா, தூர்ப்புல்லுக்குப் பறவையும் வண்ணத்துப்பூச்சியும் திரும்பினவா என்பவைதான் அளவுகோல்கள். வேலை தொடங்குவதற்கு முன்பே இவற்றை அளந்து எழுதிவையுங்கள். ஆண்டுதோறும் உறுப்பினர்கள் முன் வையுங்கள். வெட்டிய ஒவ்வொரு மரத்துக்கும் அந்தக் கணக்கில் ஒரு காரணம் இருக்க வேண்டும். காரணம் எழுத முடியாத மரத்தை நிற்கவிடுங்கள்.